‘கிளாசிக்கல் ரிவைவல்’: செவ்வியல் மீட்டெடுப்பு எனலாமா?

அன்பு நண்பர்களே,

பழைய கிரேக்க, ரோமானிய வடிவங்களைப் பிற்காலத்து ஐரோப்பியர் மறுபடியும் கையாண்ட பாணிதான் ‘கிளாசிக்கல் ரிவைவல்’. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ‘செவ்வியல் மறுமலர்ச்சி’, ‘செவ்வியல் புத்துயிர்ப்பு’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. முதலாவது சரிப்படாது. மறுமலர்ச்சியை, அதற்கும் முந்தைய ஐரோப்பியக் கலைக்காலமான ரெனைசான்ஸுக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம்.

‘புத்துயிர்ப்பு’ நல்ல சொல். ஆனால் செத்தது தானாக எழுந்ததுபோல ஒலிக்கிறது. நடந்தது அப்படியல்ல. கலைப்பொருள் சேகரிப்பாளரும் வடிவமைப்பாளருமான தாமஸ் ஹோப் 1807இல் லண்டனில் வெளியிட்ட வீட்டு அலங்கார நூலை எடுத்துக்கொள்வோம். நாற்காலி, மேசை, சுவர் எல்லாம் நிழலே இல்லாமல் வெறும் கோட்டில் வரைந்தவை. அதில் கிரேக்கக் கிளிஸ்மோஸ் நாற்காலியின் சாயலைப் பார்க்கலாம்: முன்கால்கள் முன்னாலும் பின்கால்கள் பின்னாலும் வாள்போல வளைந்து விரியும், சாய்மானம் முதுகை அணைக்கிற மாதிரி வளைந்திருக்கும். பழைய மர நாற்காலிகள் மட்கிப்போய்விட்டன. மட்கலங்களின் ஓவியத்திலும் கல்லறைச் சிற்பத்திலும்தான் அந்த உருவம் மிஞ்சியிருந்தது. தச்சர்கள் அதைப் பார்த்து மறுபடியும் மரத்தில் செய்தார்கள். நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த வில்லியம் ஹாமில்டன் சேர்த்த அத்தகைய பழங்கலங்களில் ஒரு பகுதி 1798இல் கப்பலோடு மூழ்கிப்போனது. எஞ்சியதில் பெரும்பகுதியை ஹோப் 1801இல் வாங்கி, வீட்டில் அவற்றுக்கென்றே அறைகள் ஒதுக்கினார். இவ்வளவும் கண்ணால் பார்த்து, கையால் எடுத்த வேலை. அதனால் என் பரிந்துரை ‘செவ்வியல் மீட்டெடுப்பு’.

‘தகவல் மீட்டெடுப்பு’ என்று கணினிக்காரர்கள் ஏற்கெனவே புழங்குகிறார்களே என்று கேட்கலாம். முன்னால் ‘செவ்வியல்’ நிற்கும்போது குழப்பம் வராது. ‘மீட்டுருவாக்கம்’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் இடிந்த கட்டடத்தை இருந்தபடியே திரும்ப எழுப்புவதற்குத் தொல்லியலில் அந்தச் சொல் வேண்டும். பாரிஸில் கட்டடக் கலைஞர்கள் பெர்சியேவும் ஃபோன்தேனும் 1801 முதல் வெளியிட்ட உள்ளறை வரைபடங்கள் அந்த வகை அல்ல. ரோமில் படித்துவந்த வடிவங்களைத் தம் காலத்துப் புத்தக அலமாரியிலும் கட்டிலிலும் பொருத்தினார்கள். அந்த அலமாரி எந்த ரோமானியர் வீட்டிலும் இருந்ததில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘மீட்டெடுப்புப் பாணி நாற்காலி’, ‘செவ்வியல் மீட்டெடுப்புக் கால வரைபடம்’. இரண்டும் நாவில் தடங்காமல் வருகின்றன.

அப்புறம், ஹோப் நூலில் உள்ளதுபோல நிழலில்லாமல் வரையும் அந்த முறைக்கும் ஒரு சொல் வேண்டும். ‘கோட்டோவியம்’ என்றால் எல்லாக் கோட்டுப் படமும் அதில் அடங்கிவிடும். ‘வெறுங்கோட்டு வரைவு’ என்று வைக்கலாமா? செப்புத்தகட்டு அச்சில் பழகியவர்கள் இங்கே இருந்தால், அவர்கள் பட்டறையில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.