புதுப்பிப்பு: சிசிடிவி பதிவின் ஹாஷ் மதிப்பு பொருந்தாத பிரச்சினை தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. கடலூர் முதுநகரில் ஒரு கடையின் சிசிடிவி பதிவு. வழக்குக் கோப்பில் ஏற்றிய நகலின் ஹாஷ் மதிப்பு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், அதன் கைரேகை போன்ற எழுத்துத் தொடர்), கைப்பற்றியபோது மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் குறிப்பில்) குறித்ததோடு ஒத்துப்போகவில்லை என்று கேட்டிருந்தேன்.

"நகல் எந்த வழியாக வந்தது, அதை முதலில் பாருங்கள்" என்ற பதில்தான் கைகொடுத்தது. அது வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்த நகல். அப்படி அனுப்பினால் கோப்பு சுருக்கப்பட்டு வேறு கோப்பாகிவிடுகிறது, ஹாஷ் மாறத்தான் செய்யும். அன்றே, கேமரா பதிவு சேமிக்கப்படும் டிவிஆர் கருவியிலிருந்து பென் டிரைவில் எடுத்த வேலை நகல் இருந்தது. விண்டோஸிலேயே உள்ள சர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளையால் அதற்கு ஷா-256 என்ற வகை ஹாஷ் கணக்கிட்டோம். 64 எழுத்தும் அப்படியே பொருந்தியது.

எதிர்பாராத ஒன்று: கோப்புக்குக் குற்ற எண்ணைப் பெயராக வைத்தால் ஹாஷ் மாறிவிடும் என்று நிலையத்தில் எல்லாரும் பயந்தோம். மாறவில்லை. உள்ளடக்கத்தை வைத்துத்தான் கணக்கு, பெயரை வைத்து அல்ல.

மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது சேர்க்க வேண்டிய, பாரதிய சாட்சிய அதினியம் 2023 (சாட்சியச் சட்டம்), பிரிவு 63(4) சான்றிதழ் படிவத்திலேயே ஹாஷ் மதிப்பைக் கேட்கிறார்கள். அதனால் கைப்பற்றும் இடத்திலேயே கணக்கிட்டு எழுதிவிடுங்கள். படிவத்தின் இரண்டாம் பகுதி நிபுணர் தர வேண்டியது, அதற்கு அனுப்பியிருக்கிறோம்.