மௌத் ஆர்கனில் ‘பெண்ட்’: தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வகுப்புக்கான புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைவகை) பயிற்சித்தாள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. துளை, ஊது, இழு என்ற சொற்கள் எல்லாம் அமைந்துவிட்டன. ‘பெண்ட்’ (வாய்க்குள் நாக்கை நகர்த்தி ஒரு சுரத்தைக் கீழே கொண்டுபோவது) மட்டும் நிற்கிறது. போன வரைவில் இருக்கும் ‘வளைவு’ வேண்டாம் என்பது என் கருத்து. ‘வளை’ என்றதும் பிள்ளைகள் கருவியைச் சாய்க்கிறார்கள், தாடையை இறுக்குகிறார்கள், பலம் போட்டு இழுக்கிறார்கள். மூன்றும் தப்பு.

ஒரு துளைக்குள் இரண்டு ரீட் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய தகடு) உண்டு. ஒன்று ஊதினால் பேசும், மற்றது இழுத்தால் பேசும். இழுக்கும்போது நாக்கின் மேடு பின்னுக்குப் போய் முன்வாயில் இடம் பெருகினால், மேல்சுரத்து ரீட் தாழத் தொடங்கும். கீழ்சுரத்து ரீட்டும் கூடச் சேர்ந்து அதிரும். சுரம் கீழே போகிறது, அவ்வளவுதான். ஆகவே ‘இறக்கு’ என்று சொல்லலாம். “4 இழு, இறக்கு” என்றால் யாருக்கும் புரியும்.

இன்னொரு வசதி, எண்ணிச் சொல்லலாம். இரண்டு ரீட்டின் சுரங்களுக்கு நடுவே எத்தனை அரைச்சுரம் இருக்கிறதோ அத்தனை இறக்குதான் அந்தத் துளையில் கிடைக்கும். சி மௌத் ஆர்கனில் (சி, டி, ஈ என்பவை மேற்கத்திய சுரப் பெயர்கள்; ஃபிளாட் என்றால் அரைச்சுரம் தாழ்ந்தது) துளை 3 ஊதினால் ஜி, இழுத்தால் பி. நடுவே பி ஃபிளாட், ஏ, ஏ ஃபிளாட் என மூன்று இறக்கு. துளை 2 ஊதினால் ஈ, இழுத்தால் ஜி, இறக்கு இரண்டு. 1, 4, 6 துளைகளில் ஒவ்வொன்று. துளை 5 ஊதினால் ஈ, இழுத்தால் எஃப். நடுவே இடமே இல்லை. அங்கே ஓர் அரைச்சுரம் இறக்கப் பார்த்து ரீட்டைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. ‘இறக்கு எத்தனை’ என்று தாளிலேயே போட்டுவிட்டால் இந்தச் சேதம் குறையும்.

---

> ஆகவே ‘இறக்கு’ என்று சொல்லலாம்.

அண்ணே, விளக்கம் சரி. சொல்லில்தான் எனக்கு இரண்டு தடை.

முதலாவது, ‘இறக்கம்’ என்றால் பாட்டு படித்த பிள்ளைக்கு அவரோகணம்தான் ஞாபகம் வரும். கோயில் வகுப்பில் ஏற்றம், இறக்கம் என்று சொல்லித்தான் சரளி வரிசையே பழகுகிறார்கள். இரண்டாவது, கமகம் (சுரத்தை அசைப்பது), ஜாரு (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது) என்று நம்மிடம் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? கிட்டார்காரர்களும் பெண்ட் என்றுதான் சொல்கிறார்கள். பாடுகிறவர், மௌத் ஆர்கன்காரர், கிட்டார்காரர் மூவருக்கும் பொதுவாக ஒரு சொல் இருந்தால் நல்லதுதானே?

---

> கமகம், ஜாரு என்று நம்மிடம் இருக்கும்போது

தம்பி, கமகம் என்று எழுதினால் பிள்ளை அசைக்கத்தான் செய்யும். இங்கே முதலில் வேண்டியது அசையாமல் நிற்பது. துளை 4 இழுத்து, இறக்கி, டியூனரை (சுரத்தை ஊசியால் காட்டும் கருவி) பார்த்துக்கொண்டு நான்கு எண்ணிக்கை டி ஃபிளாட்டிலேயே நிறுத்தணும். ஊசி ஆடினால் இன்னும் வரவில்லை என்று பொருள். ஜாரு இரண்டு சுரத்துக்கு இடையே உள்ள வழியைச் சொல்கிறது; நமக்கு இறங்கி நிற்கிற இடத்துக்குப் பெயர் வேண்டும். கிட்டாரில் தந்தியைத் தள்ளினால் சுரம் மேலே ஏறும், ஆகவே பொதுச்சொல் என்றால் யாராவது ஒருவருக்குப் பொய்யாகிவிடும். அவர்களுக்கு வேறு சொல் பார்ப்போம்.

கர்நாடக இசையிலிருந்து எடுக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. புளூஸுக்கு சி மௌத் ஆர்கனை ஜி சுருதியில் வாசிக்கிறோம். சி கருவியின் சுரங்கள் சங்கராபரணம்; அதன் பஞ்சமமான ஜியை ஆதார ஷட்ஜமாக எடுத்துக்கொண்டால் ஹரிகாம்போதி வரும், அதே கணக்கு. இதைத் தாளில் இரண்டு வரி போட்டால், ‘ஏன் சி கருவியில் ஜி பாட்டு’ என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் இறக்குகளையும் அவர்கள் பாஷையில் சொல்லலாம்: துளை 3 ஒன்று இறக்கினால் சாதாரண காந்தாரம் (பி ஃபிளாட்), இறக்காவிட்டால் அந்தர காந்தாரம் (பி), துளை 4 இறக்கினால் பிரதி மத்யமம் (டி ஃபிளாட்). புளூஸ் காந்தாரம் பல நேரம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவே நிற்கும். ஆகையால் துளை 3-இல் முழு அரைச்சுரமும் இறக்கத் தெரிந்த பிறகு, கொஞ்சம் குறைத்து நிறுத்தவும் பழகணும். புதிதாக வருகிறவர்கள் செய்வது நேர்மாறு: ஒரேயடியாக ஏ ஃபிளாட் வரை போய்விடுகிறார்கள்.

அவரோகணத் தடையை ஏற்றுக்கொள்கிறேன். ‘இறக்கம்’ அங்கேயே இருக்கட்டும். வினைக்கு ‘இறக்கு’, அப்படிக் கிடைக்கும் சுரத்துக்கு ‘இறக்குசுரம்’. சரியா?

---

‘இறக்குசுரம்’ எனக்குச் சம்மதம் அண்ணே. ‘இழு’ பற்றி ஒரு வார்த்தை.

‘இழு’ என்றால் ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுபோல் இழுக்கிறார்கள். துளை 2 அப்போது அடைத்துக்கொண்டு காற்றுச் சத்தம்தான் வரும், உடனே ‘ரீட் போச்சு’ என்று கருவியைத் திருப்பிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் ரீட்டில் ஒன்றுமில்லை. உதடு முன்னாலேயே நிற்கிறது, தொண்டை இறுகியிருக்கிறது. மூக்கு வழியாகக் காற்று கசிந்தாலும் இறக்கு வராது, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சொல்லை மாற்ற வேண்டாம், ஆனால் தாளில் ‘இழு: வயிற்றிலிருந்து மெல்ல மூச்சை உள்வாங்கு’ என்று விளக்கம் வரட்டும்.

இறக்கு பழக, காற்றை உள்ளிழுத்துச் சீழ்க்கை அடித்து, சுரத்தைக் கீழே கொண்டுபோகச் சொல்லுங்கள். நாக்கு எங்கே போகிறது என்று அங்கேயே தெரியும். பிறகு துளை 4. அது வந்த பிறகுதான் 3, 2.

கற்பனையாக வாசிக்கும் பக்கத்துக்கு மூன்று சுரம் போதும்: 2 இழு, 3 ஒன்று இறக்கு, 4 ஊது. 12 ஆவர்த்தனச் சுற்று, ஆவர்த்தனத்துக்கு நான்கு அடி: நான்கு ஆவர்த்தனம் ஜி கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டம்), இரண்டு சி, இரண்டு ஜி, ஒரு டி, ஒரு சி, இரண்டு ஜி. ஒவ்வோர் அடியும் திஸ்ர நடை (அடிக்கு மூன்று), ‘தகிட’வில் ‘கி’யை விட்டுவிட்டு ‘த’, ‘ட’ மட்டும். இரண்டு ஆவர்த்தனம் வாசித்து, இரண்டு ஆவர்த்தனம் சும்மா இருக்கணும். இந்தச் சும்மா இருப்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள், ஏனென்றால் முதலில் கைவிடப்படுவது அதுதான். சி பகுதி வரும்போது 3 இழுவை இறக்காமல் பிடித்து நின்றால் சி ஏழுக் கார்டில் இருக்கும் பி ஃபிளாட்டோடு முட்டும். அங்கே முழுதாக ஒன்று இறக்கியே ஆகணும்.

பராமரிப்பு வரியில் ‘வாய் கொப்பளித்துவிட்டு ஊது’ என்பதோடு தே தாரிக்கையும் (ஆற்றிய இனிப்புப் பால்தேநீர்) பெயர் சொல்லிப் போடலாம். சர்க்கரை ரீட்டில் ஒட்டிக் காய்ந்தால் சுரம் திணறும்.

குறியீடு: துளை எண், ஊ அல்லது இ, பிறகு எத்தனை இறக்கு. 3இ1, 2இ2, 4ஊ. மேல் துளைகள் 8, 9, 10-இல் ஊதும்போதுதான் இறக்கு வரும், 8-இலும் 9-இலும் ஒன்று, 10-இல் இரண்டு. அதையும் 10ஊ2 என்று இதே முறையில் எழுதிவிடலாம். ‘ஓவர்புளோ’ (ஊதும்போது துளையின் சுரங்களுக்கு மேலே ஒரு சுரத்தை வரவழைப்பது) இந்தத் தாளில் வேண்டாம். அது படிப்படியாக ஏறுவதில்லை, சட்டென்று மாறுகிறது. ‘ஏற்று’ என்று பெயர் வைத்தால் மெல்ல ஏற்றத்தான் பார்ப்பார்கள்.