ஃபோம் ஜெட்டின் வாலில் கைவைத்தவர்கள் வந்து சொல்லுங்கள்

ஊட்டியிலிருந்து:

கோயம்புத்தூர் மச்சான் ஒரு ஃபோம் ஜெட் கொடுத்தான், ரிமோட்டில் பறக்கிற குட்டி விமானம். எஃப்-16 சாயல், 64 மி.மீ. ஃபேன், நாலு செல் பேட்டரி. அவன் ஊரில் கையால் எறிந்த உடனே அம்பு மாதிரி ஏறும். இங்கே மூன்று தடவை எறிந்தேன். மூன்று தடவையும் மூக்கைத் தூக்கித் தொங்கி, அறுவடை முடிந்த கேரட் பாத்தியில் போய் உட்கார்ந்தது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே எடையைத் தூக்க இறக்கைக்குச் சுமார் 12 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும். ஃபேனும் அந்த மெல்லிய காற்றைத்தான் தள்ளுகிறது, அதனால் உந்துதலும் குறைச்சல். இதெல்லாம் நிதானமாக உட்கார்ந்து யோசித்தபோது புரிந்தது. அன்றைக்கு நான் பழி போட்டது வால்மேல்.

நிஜ எஃப்-16இல் கிடைவால் முழுசாகவே திரும்பும், மூக்கை ஏற்றி இறக்க வாலின் பின்பக்கம் ஆடும் எலிவேட்டர் மடல் தனியாகக் கிடையாது. நானும் அப்படியே செய்கிறேன் பேர்வழி என்று ஒட்டியிருந்த வாலை அறுத்து எடுத்தேன். 4 மி.மீ. கார்பன் குச்சி, அது சுழலப் பித்தளைக் குழாய், பக்கத்துக்கு ஒரு சர்வோ, அதாவது வாலைத் திருப்பும் குட்டி மோட்டார். பார்க்க அமர்க்களமாக இருந்தது. அச்சை வாலின் சரிபாதியில் வைத்திருந்தேன். அதுதான் தப்பு.

நாலாவது நாள், அரை த்ராட்டிலில் மேலிருந்து இறங்கித் திரும்பும்போது ‘ப்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். இடது வால் தனியாகப் பறந்து தேயிலைச் செடிமேல் விழுந்தது, மிச்சம் கற்பூர மரத்தில் மோதியது. எடுத்துப் பார்த்தால், குழாயைச் சுற்றி ஃபோம் அகன்று, வால் நுனியை விரலால் ஆட்டினால் அரை சென்டிமீட்டர் ஆடுகிறது.

காற்றின் விசை வாலின் சராசரி அகலத்தில், முன்விளிம்பிலிருந்து கால் பங்கு தூரத்தில் விழுகிறது. அச்சு அதற்குப் பின்னால் இருந்தால், வால் கொஞ்சம் திரும்பினாலும் காற்று அதை இன்னும் திருப்பப் பார்க்கும். தடுக்க சர்வோ மட்டும்தான் உண்டு. அதிலும் ஆட்டம் இருந்தால் வால் படபடவென்று அடித்துக்கொள்ளும். இன்னொன்று: பின்னோக்கிச் சாய்ந்த வாலில் அடிப்பக்க அகலத்தை வைத்துக் கால் பங்கு பார்க்கக் கூடாது. வாலை அட்டையில் வரைந்து சராசரி அகலத்தைக் கண்டுபிடித்து, அதில் கால் பங்குக்குச் சற்று முன்னால் அச்சை வையுங்கள்.

சரி, இரண்டாவது தடவை அப்படியே வைத்தேன். ஆடவில்லை. ஆனால் சர்வோ, குழாய், குச்சி எல்லாம் சேர்ந்து வாலில் 38 கிராம் ஏறியிருந்தது. வால் கனத்ததைச் சமன் செய்யப் பேட்டரியை இதற்குமேல் முன்னால் தள்ள இடமில்லை, மூக்கில் 60 கிராம் தூண்டில் ஈயம் வைக்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே மூச்சு வாங்குகிற விமானத்துக்கு நூறு கிராம் சுமை! அத்தனையையும் பிடுங்கிப் போட்டேன்.

இப்போது இருப்பது பழைய மாதிரி வால்தான். அடியில் கீறி 3 மி.மீ. கார்பன் பட்டை பதித்தேன். எலிவேட்டர் பின்விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் பால்சா மரக்கீற்று. எலிவேட்டரை ஆட்டும் கம்பி நுழைகிற ஓட்டை தளர்ந்திருந்ததால் சர்வோ கையை மாற்றினேன். மொத்தம் 6 கிராம். கையால் எறிவதையும் விட்டுவிட்டு ரப்பர் கயிறு கட்டி இழுத்து விடுகிறேன். கிளம்பும்போதே வேகம் கிடைத்துவிடுவதால் தொங்குவதே இல்லை. முதல் நாளே கயிறு வாங்கியிருந்தால் வாலை அறுத்தே இருக்க மாட்டேன்.

குன்னூரிலிருந்து:

எங்கள் பக்கம் வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை என்று இருப்பதால் விமானத்தைத் தூக்கிக்கொண்டு கோத்தகிரி பக்கம்தான் போவேன். என் கதை பசை பற்றியது. ஜனவரியில் இரவு பத்து மணிக்கு ஐந்து நிமிட எபாக்ஸி போட்டு வாலை ஒட்டினேன். ஐந்து நிமிடம் ஆயிற்றே என்று பிடியை விட்டுவிட்டுப் படுத்தேன். குளிரில் அது இறுக எவ்வளவோ நேரம் ஆகும் என்று தோன்றவில்லை. காலையில் பார்த்தால் வால் ஒரு பக்கம் சாய்ந்தே காய்ந்திருந்தது. பறக்கவிட்டால் வலது பக்கமே உருளுகிறது. இப்போதெல்லாம் ஒட்டியதும் குண்டூசி குத்தி, பக்கத்தில் வெந்நீர்ப் பை வைத்துவிடுவேன்.

அப்புறம், தெர்மாக்கோல் வாலில் சாதாரண சூப்பர் க்ளூ விடாதீர்கள், கரைந்து குழி விழும். இபிஓ என்கிற வேறு வகை ஃபோம் தாங்கும்.

கொடைக்கானலிலிருந்து:

அண்ணா, என்னுடையதும் இரண்டு சர்வோ வால்தான். மாற்றி முடித்த அன்று மூஞ்சிக்கல் பக்கம் மஞ்சு ஏறி வருவதற்குள் பறக்கவிட வேண்டும் என்று அவசரம். அக்கா பையன் பின்னால் நின்று விமானத்தைப் பிடித்திருந்தான், ஏழு வயது. ரிமோட்டின் குச்சியை இழுத்துக் காட்டினேன். “மாமா, ஒண்ணு மேல போகுது, ஒண்ணு கீழ போகுது” என்றான். நான் பார்க்கவே இல்லை. ஒரு சர்வோவை ரிவர்ஸ் செய்ய மறந்திருந்தேன். எறிந்திருந்தால் கைவிட்ட நொடியே புரண்டிருக்கும்.

ஊட்டியிலிருந்து:

தம்பி, அந்தப் பையனை ஒரு நாள் இங்கே அனுப்பி வை. தூண்டில் ஈயம் 60 கிராம் சும்மா கிடக்கிறது, ஏரியில் மீன் பிடிக்கக் கொடுத்துவிடுகிறேன்.