மிரர்லெஸ்ஸுக்கு மாறப்போகிறேன், 50 எம்எம் லென்ஸைக் கொடுத்துவிடலாமா?

கூத்துக்களம்:
வணக்கம். செய்யாறு பக்கத்து ஊர்களில் தெருக்கூத்துப் படம் எடுக்கிறேன். கையில் இருப்பது நிக்கான் டி7200 (கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமரா), ஏஎஃப்-எஸ் 50 எம்எம் எஃப்/1.8ஜி, பழைய 85 எம்எம் எஃப்/1.8டி, டிஎக்ஸ் 18-140. விடிய விடிய நடக்கும் கூத்து, வெளிச்சம் போதாது. அதனால் 50-ஐ 1.8-லேயே, அதாவது துளையை முழுதாகத் திறந்து வைத்தே எடுக்க வேண்டியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் முகம் மங்கல். எல்லா லென்ஸையும் கொடுத்துவிட்டு நிக்கானின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவான இசட்5-க்குப் புது லென்ஸோடு மாறச் சொல்கிறார் கடைக்காரர். பழைய லென்ஸ் மிரர்லெஸ்ஸில் இன்னும் மோசமாகத் தெரியுமாம். உண்மையா?

நிழல்மரம்:
மங்கல் படம் முழுக்கவா, முகத்தில் மட்டுமா?

கூத்துக்களம்:
கண்ணும் மூக்கும்தான் மங்கல். காதுக்குப் பின்னால் கிரீடத்தில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் பளிச்சென்று இருக்கின்றன. ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில்தான் வைக்கிறேன்.

நிழல்மரம்:
அப்படியென்றால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். அந்தச் சில்லுகளை அவ்வளவு துல்லியமாக வரைந்ததும் அதே லென்ஸ்தானே? ஃபோகஸ் பின்னால் போய் விழுகிறது, அவ்வளவுதான்.

டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது ஃபோகஸைக் கணிப்பது படம் பதியும் சென்சார் அல்ல. லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிக்குக் கீழே, பாடியின் அடியில் தனி ஃபோகஸ் சென்சார் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் ஒளி போகும் தூரம் இம்மி பிசகினாலும் 1.8-இல் காட்டிக்கொடுத்துவிடும். மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் இந்தப் பிசகு வராது. டிஎஸ்எல்ஆரில் 'சாஃப்ட்' என்று பேர் வாங்கிய லென்ஸ்கள் பல, மிரர்லெஸ்ஸில் நன்றாக இருப்பது இதனால்தான்.

காசு செலவில்லாமல் இன்றைக்கே சோதிக்கலாம். டிரைபாடில் கேமராவை வையுங்கள். கூத்தில் எவ்வளவு தள்ளி நிற்பீர்களோ அதே தூரத்தில் தினசரிக் காலண்டர் ஒன்றை மாட்டி, 1.8-இல் வியூஃபைண்டர் வழியாக எடுங்கள். அப்புறம் லைவ் வியூவில் (பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்கும் முறை; இதில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸ் பார்க்கும்) மறுபடி ஃபோகஸ் செய்து எடுங்கள். லைவ் வியூ படம் மட்டும் தெளிவாக வந்தால் லென்ஸ் நல்ல லென்ஸ்.

லென்ஸின் உண்மையான குறை வேறு மாதிரி இருக்கும். ஒரு மூலை மட்டும் எப்போதும் கலங்கித் தெரியும். தட்டையான சுவரை நேருக்கு நேர் எடுத்து, பிறகு கேமராவைத் தலைகீழாகப் பிடித்தும் எடுங்கள். ஃபைலில் இரண்டு தடவையும் அதே மூலை மங்கினால், உள்ளே ஏதோ கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. அப்படி இருந்தால்தான் விற்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வெள்ளித்திரை85:
பழைய லென்ஸை இசட்5-இல் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதன் உள்ளே லென்ஸ் கண்ணாடியே இல்லை, வெறும் குழாய். லென்ஸ் மாட்டும் வாயிலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் உங்கள் டி7200-இன் எஃப் மவுண்டில் 46.5 மிமீ, இசட்5-இன் இசட் மவுண்டில் 16 மிமீ. நடுவில் உள்ள இடைவெளியை நிரப்புகிறது. படத்தின் தரம் அதனால் குறையாது. 50ஜி-யில் ஆட்டோஃபோகஸ், கண்ணைத் தேடிப் பிடிப்பது எல்லாம் வேலை செய்யும். ஆனால் உங்கள் 85டி-யை பாடியில் உள்ள மோட்டார்தான் சுழற்றுகிறது. அடாப்டரில் மோட்டார் கிடையாது, கையால்தான் திருக வேண்டும். கிறுகிறுவென்று சுற்றி ஆடும் வேஷத்தைக் கையால் துரத்துவது கஷ்டம். 18-140 டிஎக்ஸ் லென்ஸ், அதாவது சிறிய சென்சாருக்குச் செய்தது; இசட்5-இன் பெரிய சென்சாரில் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்தும் என்பதால் அதன் 24 மெகாபிக்சலில் ஏறக்குறைய 10தான் மிஞ்சும். கொடுப்பதென்றால் இந்த இரண்டையும் கொடுங்கள்.

கூத்துக்களம்:
சோதித்துவிட்டேன். லைவ் வியூவில் காலண்டரின் ராகுகால எழுத்துகூடத் தெளிவு. வியூஃபைண்டரில் மங்கல். மூலைகளில் பிரச்சினை இல்லை. ரொம்ப நன்றி அண்ணா! புது பாடிக்குக் காசு சேரும்வரை இதையே சரிசெய்ய வழி உண்டா?

நிழல்மரம்:
உண்டு தம்பி. டி7200-இன் செட்டப் மெனுவில் ஆட்டோஃபோகஸ் விழும் இடத்தை நுணுக்கமாகத் திருத்தும் 'ஏஎஃப் ஃபைன்-டியூன்' இருக்கிறது. உங்களுக்குப் பின்னால் விழுவதால் மைனஸ் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அதே காலண்டரைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். 50-க்குத் தனியாகச் சேமித்துக்கொள்ளும். 85-க்கு வேறு மதிப்பு வரலாம், அதையும் தனியாகப் பாருங்கள்.

வெள்ளித்திரை85:
இசட்5 வாங்கிய பிறகு ஒன்று கவனியுங்கள். கூத்தில் சத்தம் வரக்கூடாது என்று சைலண்ட் ஷட்டர் (ஷட்டர் திரை அசையாமல் சென்சாரே சத்தமின்றிப் படம் பதிவது) போட்டால் டியூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மெக்கானிக்கல் ஷட்டரிலேயே எடுங்கள். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு மறுபடி லென்ஸைச் சந்தேகப்பட வேண்டாம்.