ரேண்டம்யூசரிலிருந்து 500 பெயர்கள்: பாதியில் கீஎரர், சீட் கொடுத்தால் ஒரே பெயர்

புதுநிரலி:
பைத்தானில், வலைச்சேவைகளை அழைக்க உதவும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியை வைத்து, கற்பனை நபர்களின் விவரங்களைத் தரும் ரேண்டம்யூசர் சேவையின் ஏபிஐயிலிருந்து (நிரல்கள் அதைக் கேட்கும் வாசல்) 500 பெயர்கள் எடுக்கிறேன். ஒரு பதிவுப் படிவத்தைச் சோதிக்க. ஃபார் லூப், சுற்றுக்கு ஒரு கெட் அழைப்பு, வரும் ஜேசானில் (தரவை எழுதும் உரை வடிவம்) ‘ரிசல்ட்ஸ்’ பட்டியலின் முதல் உறுப்பிலிருந்து முதற்பெயரையும் கடைப்பெயரையும் ஒட்டுகிறேன். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, ‘ரிசல்ட்ஸ்’ என்ற சாவியே இல்லை என்று கீஎரர். இரட்டைப் பெயர்களும் வருவதால் கடைசியில் செட்டில் (ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் வைக்கும் தொகுப்பு) போடுகிறேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே பெயர்கள் வேண்டுமென்று சீட் (அதே மதிப்புக்கு அதே முடிவு தரும் தொடக்க மதிப்பு) கொடுத்தால் செட்டில் ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சுகிறது. எங்கே தப்பு?

அரைப்புள்ளி:
லூப்பைத் தூக்குங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும். ஒரே அழைப்பில் 5000 பேர் வரை தரும் சேவை அது. ‘ரிசல்ட்ஸ்’ அளவுருவுக்கு 500 கொடுத்தால் போதும். சீட் மர்மமும் இதுதான்: ஒரே சீட், ஒரே பக்கம், ஒரு நபர் என்று 500 முறை கேட்டால் 500 முறையும் அதே நபர்தானே வருவார்?

கூடவே ‘இன்க்’ அளவுருவில் ‘நேம்’ மட்டும் கேளுங்கள். இல்லாவிட்டால் முகவரி, கடவுச்சொல், பட இணைப்பு என்று தேவையில்லாத மூட்டையெல்லாம் சேர்ந்து வரும். இரண்டு நாடுகள் வேண்டுமென்றால் ‘நாட்’ (நாட்டினம்) அளவுருவுக்குக் காற்புள்ளி போட்ட ஒரே சரமாகக் கொடுங்கள். பைத்தான் லிஸ்ட்டாகக் கொடுத்தால் ரிக்வெஸ்ட்ஸ் அதே அளவுருவை இரண்டு முறை எழுதி அனுப்பும். சேவை எதிர்பார்ப்பது அந்த வடிவம் அல்ல.

கீஎரர் என்பது விளைவுதான். அழைப்பு மிகுந்து சேவை மறுத்தால் வருவது பிழைச் செய்தி, அதில் ‘ரிசல்ட்ஸ்’ இருக்காது. ஜேசானைத் திறப்பதற்கு முன் ‘ரெய்ஸ் ஃபார் ஸ்டேட்டஸ்’ அழையுங்கள், 429 (அழைப்பு மிகுந்தது) என்றால் அங்கேயே தெரிந்துவிடும். 200 (வெற்றி) நிலையோடு ‘எரர்’ சாவி வந்தாலும் பிடிபடும்படி அதையும் ஒரு இஃப் போட்டுப் பாருங்கள்.

மூலக்குறி:
மேலே சொன்னதோடு டைம்அவுட்டும் வேண்டும். ரிக்வெஸ்ட்ஸில் இயல்பாக டைம்அவுட் கிடையாது. எதிர்முனை மௌனமானால் உங்கள் நிரலும் தொங்கிக்கொண்டே இருக்கும். இணைய 3 விநாடி, வாசிக்க 10 விநாடி என்று டியூப்பிளாகக் கொடுங்கள். அந்த 10 மொத்த நேரத்துக்கான வரம்பு இல்லை, தரவு வராமல் இருக்கும் இடைவெளிக்கு மட்டும்.

மறுமுயற்சிக்கு ஸ்லீப் போட்ட லூப் எழுத வேண்டாம். செஷன் ஒன்றைத் திறந்து, ரிக்வெஸ்ட்ஸ் உள்ளே பயன்படுத்தும் யூஆர்எல்லிப்3 தரும் ரீட்ரையை எச்டிடிபி அடாப்டரில் மாட்டுங்கள்: டோட்டல் 4, பேக்ஆஃப் ஃபேக்டர் (காத்திருப்பின் அளவு) 1, ஸ்டேட்டஸ் ஃபோர்ஸ்லிஸ்ட்டில் (மறுபடி முயல வேண்டிய நிலைகள்) 429, 500, 502, 503, 504. முதல் மறுமுயற்சி உடனே நடக்கும், அடுத்தவை 2, 4, 8 விநாடி கழித்து. சேவை ‘ரீட்ரை ஆஃப்டர்’ தலைப்பு அனுப்பினால் அந்த நேரத்தையே மதிக்கும்.

அந்த செட்டையும் விடுங்கள். பைத்தான் 3.3 முதல் சரங்களின் ஹாஷ் (செட் உள்ளே அடுக்கப் பயன்படுத்தும் எண்) ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். சீட் ஒன்றாக இருந்தாலும் செட்டிலிருந்து வெளிவரும் வரிசை மாறிவிடும். டிக்ட்டின் ‘ஃப்ரம்கீஸ்’ இரட்டையை நீக்கும், வந்த வரிசையும் காக்கும். குறைந்த பெயர்களுக்கு அதே சீட், ‘பேஜ்’ 2 என்று கேட்டு நிரப்புங்கள்.

புதுநிரலி:
ஒரே அழைப்பில் வந்துவிட்டது, நன்றி. ஆனால் 500 என்பது சின்ன எண்தானே, இரட்டை ஏன் வருகிறது? தொகுப்பு அவ்வளவு சிறியதா?

மூலக்குறி:
பெரிய தொகுப்பிலும் வரும். 200 முதற்பெயர், 200 கடைப்பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 40,000 சேர்க்கை. 500 எடுத்தால் ஒப்பிட வேண்டிய சோடிகள் 1,24,750. அதை 40,000ஆல் வகுத்தால் சராசரியாக 3 சோடி மோதும். எனவே தனித்துவம் வேண்டிய புலத்துக்குப் பெயரை நம்பாதீர்கள், பின்னால் ஒரு வரிசை எண்ணை ஒட்டுங்கள்.

சீட் பற்றி இன்னொன்று: ஏபிஐயின் பதிப்பு எண்ணையும் முகவரியிலேயே எழுதுங்கள், 1.4 என்று. பதிப்பு மாறினால் பெயர்த் தொகுப்பு மாறும், அதே சீட்டுக்கு வேறு ஆட்கள் வருவார்கள். நீங்கள் சீட் தராவிட்டால் சேவையே ஒன்றை உண்டாக்கி ‘இன்ஃபோ’ பகுதியில் சொல்லும். ‘நோஇன்ஃபோ’ போட்டால் அது கைக்குக் கிடைக்காது.

ஒற்றெழுத்து:
சோதனை ஓடும்போதெல்லாம் வலைக்குப் போவதே எனக்கு உடன்பாடில்லை. ஒருமுறை எடுத்து ஜேசான் கோப்பாகச் சேமித்து, நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் போட்டுவிடுங்கள். சேமிக்கும்போது ‘என்ஷ்யூர் ஆஸ்கி’ ஃபால்ஸ் (எழுத்துகள் அப்படியே எழுதப்பட), கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக. ஈரான் பெயர்கள் பாரசீக எழுத்திலேயே வரும்; விண்டோஸில் இயல்பு என்கோடிங்கோடு எழுதினால் யூனிகோட் என்கோட் எரர் வர வாய்ப்பு அதிகம்.

பெயர் மட்டும்தான் தேவை என்றால் போலிப் பெயர்களை உங்கள் கணினியிலேயே உண்டாக்கும் ஃபேக்கர் லைப்ரரி போதும், வலையே வேண்டாம். ‘சீட்’ முறையை வகுப்பின் (கிளாஸ்) மேல் அழையுங்கள், ஆப்ஜெக்ட்டின் மேல் அழைத்தால் டைப்எரர்; ஆப்ஜெக்ட்டுக்கு ‘சீட் இன்ஸ்டன்ஸ்’ தனியாக இருக்கிறது. ‘யூனிக்’ வழியாகக் கேட்டால் இரட்டை வராது. ஆனால் 1000 முறை முயன்றும் புதுப்பெயர் கிடைக்காவிட்டால் யூனிக்னஸ் எக்ஸெப்ஷன் எறியும், அதனால் முதற்பெயரை மட்டும் கேட்காமல் முழுப்பெயராகக் கேளுங்கள். பதிப்பை ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் பூட்டிவையுங்கள், அதன் பெயர்ப் பட்டியல்களும் வெளியீட்டுக்கு வெளியீடு மாறக்கூடியவை.