குன்னூர் பெட்போர்டு கடைக்காரங்க வாட்ஸ்அப் குரூப்: அக்கவுண்ட்ஸ் பொண்ணு வீட்டுல இருந்தே டாலி சாப்ட்வேர்ல கணக்கு போடலாமா?

7:04 | டீத்தூள் கடை அண்ணன்
கட்டபெட்டு பக்கம் மரம் விழுந்து பஸ் நிக்குதாம். நம்ம அக்கவுண்ட்ஸ் பொண்ணு கோத்தகிரில மாட்டிக்கிச்சு. இன்னைக்கு தேதி 9, ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு ரிட்டர்ன்) இன்னும் போகல. வீட்டுல இருந்தே பண்றேங்குது. விடலாமாங்க?

7:09 | ஆடிட்டர் ஆபீஸ் மேடம்
தாராளமா விடுங்கண்ணா. மாசா மாசம் போடறவங்களுக்கு 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 14ஆம் தேதி 2பி (நாம வாங்குன பில்லோட வரிக் கணக்கு) வந்துரும், 20ஆம் தேதி 3பி (வரி கட்டற ரிட்டர்ன்). மூணுமே ஆன்லைன் வேலைதான். அந்தப் பொண்ணு கடையில வந்து உக்காரணும்னு எந்த அவசியமும் இல்ல. கடையில ஆள் வேணுங்கறது கவுண்டர், பேக்கிங், ஸ்டாக் எண்றதுக்கு மட்டும்தான்.

7:11 | டீத்தூள் கடை அண்ணன்
டாலி கடை கம்ப்யூட்டர்ல இல்ல இருக்கு? டேட்டா போல்டரை அப்படியே கூகுள் டிரைவ்ல போட்டுட்டா அங்கிருந்து திறந்துக்கலாம்னு யாரோ சொன்னாங்க.

7:12 | கம்ப்யூட்டர் சர்வீஸ் தம்பி
அண்ணா, அத மட்டும் பண்ணிராதீங்க!! டிரைவ் பாதி பைல் ஏத்திட்டு இருக்கறப்போ நீங்க இங்க ஒரு பில் போட்டா போதும், டேட்டா கரப்ட் ஆயிரும். டிரைவ்ல பேக்கப் பைல் வைக்கலாம், ஓடிட்டு இருக்கற டேட்டா வைக்கவே கூடாது.

7:15 | கம்ப்யூட்டர் சர்வீஸ் தம்பி
செலவில்லாத வழி குரோம் ரிமோட் டெஸ்க்டாப். டாலி கடையிலயே ஓடும், ஸ்க்ரீன் மட்டும் அவங்க வீட்டுல தெரியும். மூணு செட்டிங் மறக்காதீங்க. விண்டோஸ்ல ஸ்லீப்பை 'நெவர்'ல வைக்கணும். பின் நம்பர் 6 இலக்கம் கேக்கும், கடை போன் நம்பரோட கடைசி 6 எண்ணை வச்சுராதீங்க. முக்கியமானது பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற கம்ப்யூட்டர் செட்டப்) இருக்கு: கரண்ட்டு போய் திரும்ப வந்தா கம்ப்யூட்டர் தானா ஆன் ஆகணும், 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்'னு இருக்கறத 'பவர் ஆன்' ஆக்கணும். இத விட்டுட்டா முதல் பவர் கட்லயே கதை முடிஞ்சுது, பட்டன் அமுக்க கடைக்கு ஆள் அனுப்பணும்.

7:18 | ஹோம்ஸ்டே அக்கா
பில்லிங்கும் அதே கம்ப்யூட்டர்லயாண்ணா?

7:18 | டீத்தூள் கடை அண்ணன்
ஆமாக்கா, ஒண்ணுதான் இருக்கு.

7:20 | கம்ப்யூட்டர் சர்வீஸ் தம்பி
அப்போ சிக்கல். ரெண்டு பேருக்கும் ஒரே மவுஸ். நீங்க கஸ்டமருக்கு பில் போடறப்போ அம்பு தானா ஓடும். உங்களது டாலி சில்வர் லைசென்ஸ், ஒரு கம்ப்யூட்டருக்குத்தான். இன்னைக்கு சமாளிக்க, கடை கூட்டம் இல்லாத நேரம் காலை 8ல இருந்து 10 வரைக்கும் அவங்களுக்கு விட்ருங்க. நிரந்தரமா பண்றதா இருந்தா பல கம்ப்யூட்டர்ல ஓடற கோல்டு லைசென்ஸ் எடுத்து பின்னாடி ரூம்ல பழைய சிபியு ஒண்ணு போட்டுக்கலாம். இல்லேன்னா மாச வாடகைக்கு கிளவுட் டாலி, அது இன்டர்நெட் சர்வர்ல ஓடும்.

7:24 | ஆடிட்டர் ஆபீஸ் மேடம்
ஓடிபியை யாரும் யோசிக்கல பாருங்க. வண்டில சரக்கு அனுப்பறதுக்கு எடுக்கற ஈ-வே பில் போர்ட்டல்ல 2025 ஏப்ரல் 1ல இருந்து எல்லாருக்கும் ஓடிபி வேணும். பெங்களூருக்கு 50,000க்கு மேல டீத்தூள் அனுப்பறப்போ வண்டி லோடு ஏத்தி நிக்கும், ஓடிபி உங்க போனுக்கு வரும், நீங்க சிக்னல் இல்லாத ஏதோ எஸ்டேட்ல இருப்பீங்க. அதுக்கு சப் யூசர், அதாவது உங்க கணக்குக்குக் கீழ இன்னொரு லாகின் உருவாக்கணும். அந்தப் பொண்ணோட மொபைல் நம்பரை அதுல பதிஞ்சா ஓடிபி நேரா அவங்களுக்கே போகும். என்னென்ன பண்ணலாம்னு அனுமதியும் தனியா டிக் பண்ணலாம். உங்க மெயின் பாஸ்வேர்டைக் கொடுக்கவே வேண்டாம்.

7:26 | ஆடிட்டர் ஆபீஸ் மேடம்
பேங்க்லயும் அதே மாதிரிதான். கரண்ட் அக்கவுண்ட்டுக்கு கார்ப்பரேட் நெட் பேங்கிங் வாங்கி அவங்கள மேக்கரா, உங்கள செக்கரா போடச் சொல்லுங்க. அவங்க என்ட்ரி போடுவாங்க, நீங்க போன்ல அப்ரூவ் பண்ணாத்தான் பணம் நகரும்.

7:31 | டீத்தூள் கடை அண்ணன்
அதெல்லாம் சரி மேடம். வீட்டுல இருந்து வேலை செய்யறாங்களா, சமையல் பண்றாங்களான்னு எப்படித் தெரியும்?

7:33 | ஆடிட்டர் ஆபீஸ் மேடம்
கடையில உக்காந்திருந்தா மட்டும் தெரியுதாக்கும்? 😄 டாலில அவங்க பேருல தனி யூசர் போடுங்க. எடிட் லாக் இருக்கற டாலின்னா எந்த வவுச்சரை யாரு எப்போ மாத்துனாங்கன்னு வரும். சாயந்திரம் 5 மணிக்கு 'இன்னைக்கு இத்தனை பர்ச்சேஸ் பில் ஏத்துனேன், இத்தனை பாக்கி'ன்னு ஒரு மெசேஜ் போதும். அரை மணிக்கொருதரம் வீடியோ கால் போட்டு ஆள் இருக்காங்களான்னு பாக்கறது வேண்டாம், ஹெச்டில பேசினா ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபிக்கு மேலயே போயிரும். ராத்திரி 9 மணிக்குக் கூப்பிட்டு வேலை சொல்றதும் வேண்டாம். கடைச் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. வீட்டுல இருந்தாலும் அதேதான்.

7:36 | ஹோம்ஸ்டே அக்கா
புக்கிங்குக்கும் இப்படிப் பண்ணலாம். வாட்ஸ்அப் பிசினஸ்ல மெயின் போனுக்கு மேல 4 டிவைஸ் இணைக்கலாம். ரூம் கேக்கறவங்களுக்கு வீட்டுல இருந்தே பதில் போகும். ஆனா மெயின் போனை 14 நாளைக்குத் திறக்காம வச்சா இணைச்சதெல்லாம் கழண்டுரும். பாரினர் தங்க வந்தா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை (முன்னாடி பார்ம்-சின்னு சொல்வோமே) அரசாங்கத்துக்கு அனுப்பணும்ல, அதுவும் ஆன்லைன்தான்.

7:40 | டீத்தூள் கடை அண்ணன்
பில்லெல்லாம் கடையில பேப்பரா கிடக்குதே?

7:42 | ஆடிட்டர் ஆபீஸ் மேடம்
கூகுள் டிரைவ் ஆப்லயே ஸ்கேன் இருக்கு, பிடிஎப்பா சேவ் ஆகும். சாயந்திரம் 6 மணிக்குள்ள அன்னன்னைக்கு பில்லை ஏத்திருங்க, வாரக்கடைசிக்குச் சேத்து வைக்காதீங்க. வாட்ஸ்அப்ல அனுப்பறதா இருந்தா போட்டோவா வேண்டாம், டாக்குமென்ட்டா அனுப்புங்க. போட்டோவா அனுப்பினா சுருங்கி ஜிஎஸ்டி நம்பர்ல 8ம் Bயும் ஒண்ணு மாதிரி தெரியும். தெர்மல் பேப்பர் பில்லை அன்னைக்கே எடுத்துருங்க, அழிஞ்சுரும்.

7:47 | கேபிள் தம்பி
அவங்க வீட்டுல பைபர் லைனாங்ணா? கரண்ட்டு போனா மோடம் மட்டும்தான் அணையும், பைபருக்குள்ள கரண்ட்டு தேவையில்ல. மோடத்துக்கு மினி யூபிஎஸ் ஒண்ணு வாங்கிக் கொடுங்க. அடாப்டர்ல என்ன வோல்ட்டுன்னு பாத்து வாங்கணும், நிறைய மோடம் 12 வோல்ட், சிலது 9. மாத்திப் போட்டா போர்டு போயிரும். நெட் வரலேன்னா மோடத்துல 'எல்ஓஎஸ்' லைட் சிவப்பா மின்னுதான்னு பாத்து போட்டோ அனுப்பச் சொல்லுங்க. மின்னுச்சுன்னா பெரும்பாலும் மரம் விழுந்து லைன் அறுந்திருக்கும், ஆள் வரணும். மின்னலேன்னா மோடத்தை ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணாப் போதும். அதுவரைக்கும் போன் ஹாட்ஸ்பாட்.

7:52 | கம்ப்யூட்டர் சர்வீஸ் தம்பி
லேப்டாப்பா இருந்தா சார்ஜருக்கு 65 வாட், மோடம் 12 வாட். வீட்டு இன்வெர்ட்டரோட 150 ஏஹெச் பேட்டரில பாதி கணக்கு வச்சாலும் ஒரு நாள் வேலை ஓடும். டெஸ்க்டாப்னா அதுல பாதி நேரம். குளிர்ல பேட்டரி இன்னும் குறையும், வராண்டால வைக்க வேண்டாம். ஜனவரில காலு விறைக்குதுன்னு ரூம் ஹீட்டரை இன்வெர்ட்டர் பிளக்ல சொருகுவாங்க, 1000 வாட்டுக்கு மேல இழுக்கும், உடனே டிரிப் ஆகும்.

7:55 | டீத்தூள் கடை அண்ணன்
நெட் பில் நாம கட்டணுமா?

7:56 | ஆடிட்டர் ஆபீஸ் மேடம்
பாதியாவது கட்டுங்கண்ணா. பஸ் காசு கேக்கலியே அந்தப் பொண்ணு. சனி ஞாயிறு டூரிஸ்ட் கூட்டத்துக்குக் கடைக்கு வரட்டும், செவ்வாய் புதன் வீட்டுல இருக்கட்டும். மழைன்னா போன் பண்ணிட்டு வீட்டுலயே.

8:01 | டீத்தூள் கடை அண்ணன்
சரி, தம்பி 9 மணிக்கு வந்து போட்டுக் கொடு. ஒண்ணு மட்டும். ராத்திரி கடை பூட்டறப்போ நான் மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான போவேன்?

8:02 | கம்ப்யூட்டர் சர்வீஸ் தம்பி
அய்யோ அண்ணா, இனி பண்ணாதீங்க. எலெக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வர்றேன். கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் தனி எம்சிபி சுவிட்ச் போட்டு லைன் பிரிச்சுரலாம், மத்ததை நீங்க எப்பவும் போல அணைச்சுக்கோங்க.