பவளப்பாறை குயில்ட்: பிளாஸ்டிக் தைத்த இடமெல்லாம் கிழியுது, ஓரம் அலை அலையா நிக்குது. உதவி தேவை

வெண்ணூல்:
சுவரில் மாட்ட ஒரு குயில்ட் (துணித் துண்டுகளை அடுக்கடுக்கா வச்சுத் தைக்கிற மெத்தைத் துணி) தைக்கிறேன். கடல் சூடேறி பவளப்பாறை வெளுக்கிறதுதான் கரு. இடப்பக்கம் வண்ணத் துணித் துண்டுகள், வலப்பக்கம் போகப் போக வெளுப்பு. வெளுத்த பாறைகளை வெள்ளை பிளாஸ்டிக் பைகளை வெட்டி வச்சு, ஓரத்தை நெருக்கமான ஜிக்ஜாக்ல அடிக்கிறேன். தையல் ஓடின கோட்டிலேயே பிளாஸ்டிக் கிழிஞ்சு வந்துடுது. துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் ஃபூட் வேற ஒட்டிக்கிட்டு நகர மாட்டேங்குது, மடிப்பு விழுது. மாட்டிப் பார்த்தா கீழ் ஓரம் நெளியுது. இது போதாதுன்னு, பார்க்கிறவங்க எல்லாம் "மேகமா?"ன்னு கேக்கிறாங்க. வாசகம் ஏதாவது தைச்சுடலாமா?

கத்தரிமுனை:
கிழியறதுக்குக் காரணம் அந்த ஜிக்ஜாக்தான். துணியில ஊசி இழைகளை விலக்கிக்கிட்டு இறங்கும். பிளாஸ்டிக்ல ஓட்டை ஓட்டையாவே நிக்கும். நெருக்கி அடிச்சா தபால்தலை ஓரம் மாதிரி பிய்ஞ்சு வரும். நேர்த்தையல் போடுங்க, நீளம் 3.5 முதல் 4 மி.மீ., ஊசி 70ஆம் நம்பர். குண்டூசி வேண்டாம், கிளிப் போடுங்க.

ஒரே அடுக்கு தாங்காது. நாலைந்து அடுக்கை மேலும் கீழும் கேக் சுட விரிக்கிற பேக்கிங் பேப்பர் (baking paper) வச்சு, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாம நகர்த்துங்க, ஒட்டிக்கும். அச்சடிச்ச பக்கம் உள்ளே போகணும். ஜன்னல் திறந்திருக்கட்டும். பையில முக்கோணக் குறிக்குள்ள 2 அல்லது 4 எண் இருந்தா பாலித்தீன், அதை இப்படி ஒட்டலாம். 3 இருந்தா பிவிசி, அதைச் சூடு காட்டவே கூடாது, விஷவாயு வரும்.

பஞ்சுமூட்டை:
ஃபூட் ஒட்டாம இருக்க மேலே டிஷ்யூ பேப்பர் வச்சுத் தைச்சு, அப்புறம் கிழிச்சு எடுத்துடுங்க. என்னைக் கேட்டா பிளாஸ்டிக்கைத் தைக்கவே வேண்டாம். வெட்டிப் பரப்பி, மேலே மெல்லிய நெட் துணி போர்த்தி, சுத்தித் தையல் ஓட்டுங்க. நெட் பிடிச்சுக்கும். உள்ளே நடு அடுக்குக்கு (பேட்டிங்) என்ன வச்சிருக்கீங்க? கடலுக்காகத் தைக்கிறதுல புது பாலியெஸ்டர் வைக்க எனக்கு மனசு வராது. பழைய பருத்திப் போர்வையே போதும்.

வெண்ணூல்:
பேட்டிங் பழைய போர்வைதான் அக்கா. டிஷ்யூ பேப்பர் வச்சதும் ஃபூட் வழுக்கிக்கிட்டுப் போகுது! நெட்டும் போட்டுப் பார்த்தேன், வெள்ளை சாம்பலாத் தெரியுது. என்கிட்ட இருக்கிறது கறுப்பு நெட்.

பஞ்சுமூட்டை:
கறுப்பு நெட் அடர் நிறத்துக்குத்தான். வெள்ளை மேல வெள்ளை நெட் கண்ணுக்கே தெரியாது. வண்ணப் பக்கத்துக்கு நீளாம வெட்டிடுங்க, இல்லேன்னா அங்கே பனி மூடினாப்ல இருக்கும்.

ஓரம் நெளியறது, நடுவுல நெருக்கியும் ஓரத்துல விட்டுவிட்டும் தைச்சதால. நடு சுருங்கிடுச்சு, ஓரம் நீளமா நின்னுடுச்சு. ஓரத்திலும் அதே நெருக்கத்துல தைங்க. பார்டர் துணியை ஓர அளவுக்கு வெட்டாதீங்க. நடுவுல அளந்து, அந்த நீளத்துக்கு ஓரத்தை அடக்கித் தைங்க.

அலைவரிசை:
தையல் எனக்குத் தெரியாது, பவளப்பாறை கொஞ்சம் தெரியும். வெளுப்பு கடைசி நிலை இல்லை. சூடு தாங்காம தனக்குள்ள இருக்கிற நுண்பாசிகளைப் பவளம் வெளியேத்திடும். கண்ணாடி மாதிரியான சதை வழியா எலும்புக்கூடு வெள்ளையாத் தெரியும். அப்போதும் உயிர் இருக்கும். தண்ணி சீக்கிரம் குளிர்ந்தா பிழைக்கலாம். செத்தா மேலே பாசி படர்ந்து அழுக்குப் பச்சையாகிடும். உங்க படத்துல அந்த மூணாவது நிலை இல்லை.

ஒரே கிளை வடிவத்தை வண்ணத்துல, வெள்ளையில, பாசி நிறத்துல மூணு தடவை வெட்டி வையுங்க. மேகம்னு யாரும் கேக்க மாட்டாங்க. வாசகம் வேண்டாமே. எழுத்து வேணும்னா 1998, 2010, 2014, 2023 போதும். உலகளாவிய வெளுப்பு தொடங்கின ஆண்டுகள்.

வெண்ணூல்:
பாசிக்குப் பழைய காக்கித் துணி இருக்கு! மாட்டுறதுக்குப் பின்னாடி உறை வச்சாப் போதுமா?

கத்தரிமுனை:
போதும், 4 அங்குல அகலத்துல தைச்சுக் கம்பு விடுங்க. வெயில் படுற சுவர் வேண்டாம், பிளாஸ்டிக் நொறுங்க ஆரம்பிச்சுடும்.